வாசகர் கேள்வி–பதில்: கரும்பொருளுக்கு விரித்த வலை

பேரண்டத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு எதனால் ஆனது என்றே தெரியாது, அதைத்தான் கரும்பொருள் என்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கண்ணுக்கும் தெரியவில்லை, கருவிக்கும் சிக்கவில்லை. பிறகு எதை வைத்து ‘இருக்கிறது’ என்கிறீர்கள்? என் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறதா?
– வாசகி, கும்பகோணம்

ஈர்ப்பை வைத்துத்தான். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்தார்கள். சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கோள்கள் மெதுவாகச் சுற்றுகின்றன அல்லவா, அதுபோலக் கேலக்ஸியின் ஓரத்திலும் வேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றும் அங்கே ஈர்க்கிறது. 2006-இல் ‘புல்லட்’ கேலக்ஸிக் கொத்தில் இன்னும் பளிச்சென்று ஒரு சான்று கிடைத்தது. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவியதில், சாதாரணப் பொருளின் பெரும்பங்கான சூடான வாயு நடுவில் சிக்கிப் பின்தங்கிவிட்டது. பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் ஈர்ப்போ வாயுவோடு நிற்காமல் கேலக்ஸிகளோடு முன்னே போயிருந்தது.

உங்கள் கூடத்துக்கு வருவோம். பால்வீதியில் நாம் இருக்கும் இடத்தில் கரும்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.3 கிகா எலெக்ட்ரான்வோல்ட் (இனி ஜிஇவி, ஒரு புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 ஜிஇவி). ஒரு துகளின் நிறை 100 ஜிஇவி என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்நேரமும் மூன்று துகள்கள். சூரியக் குடும்பம் பால்வீதியை வினாடிக்கு சுமார் 220 கி.மீ. வேகத்தில் சுற்றுவதால், உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே வினாடிக்கு அறுபதாயிரத்துக்கும் மேல் கடந்து போகும். ஆனாலும் பூமி முழுவதற்குள்ளும் ஒரு கணத்தில் இருக்கும் கரும்பொருளைத் திரட்டி எடை போட்டால் அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் கனம்!

அது உடம்பில் மோதினால் ஆபத்து உண்டா?
– வாசகர், ஈரோடு

இல்லை. உங்கள் உடம்பிலேயே இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 வினாடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் முறை சிதைகிறது. அதன் முன்னால் கரும்பொருள் கணக்கிலேயே வராது. கரும்பொருளைத் தேடுபவர்களுக்கும் தலைவலி இந்தச் சாதாரணக் கதிரியக்கம்தான். அடுத்த பதில்களைப் பாருங்கள்.

செனான் தொட்டியில் கரும்பொருளைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்

மூன்று பெரிய தொட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1,480 மீட்டர் ஆழத்தில் எல்இஸட். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் செனான்-என்டி. சீனாவில் ஜின்பிங் மலைக்கடியில் பாண்டாஎக்ஸ்-4டி. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் எல்இஸட்டை எடுத்துக்கொள்வோம்.

சுமார் −100 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும் செனான், கண்காணிக்கப்படும் பகுதியில் மட்டும் 7 டன். அதன் மேல் மெல்லிய படலமாக செனான் வாயு. அடியிலும் உச்சியிலுமாக மிக மங்கலான ஒளியையும் உணரும் 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். வெளியிலிருந்து வரும் துகள் ஒரு செனான் அணுக்கருவில் மோதினால், கேரம் காயைப் போல அணுக்கரு பின்னுக்குத் தள்ளப்படும். எவ்வளவு ஆற்றலோடு? 100 ஜிஇவி துகள் 220 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 27 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் (கேஇவி). பல் மருத்துவரின் எக்ஸ்ரே ஃபோட்டானின் ஆற்றல் அளவுதான். செனான் அணுக்கருவின் நிறை சுமார் 122 ஜிஇவி. மோதும் இரண்டும் ஏறக்குறைய சம நிறை என்றால் நேருக்கு நேர் மோதலில் ஆற்றல் அத்தனையும் கைமாறும். செனானைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, கருவிலுள்ள 131 நியூக்ளியான்களும் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்) ஒன்றுசேர்ந்து எதிர்வினை காட்டினால் மோதும் வாய்ப்பு 131-இன் வர்க்கமாக, அதாவது சுமார் 17,000 மடங்காகப் பெருகுவது.

மோதல் இரண்டு தடயங்களை விடுகிறது. முதலாவது, மோதிய அக்கணமே எழும் புற ஊதா மினுக்கு. அலைநீளம் சுமார் 175 நானோமீட்டர். பெரும்பாலும் கையால் எண்ணிவிடலாம், அத்தனை சில ஃபோட்டான்களே குழாய்களில் விழும். குறைந்தது மூன்று குழாய்கள் ஒரே சமயத்தில் பார்த்தால்தான் அதை ஏற்பார்கள். இரண்டாவது, மோதலில் கழன்ற எலெக்ட்ரான்கள். மின்புலம் அவற்றை மேலே இழுக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டால் மேற்பரப்பைச் சேர ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி. அங்கே வலுவான மின்புலம் அவற்றை வாயுவுக்குள் பிடுங்கி எடுக்கும்போது பெரிய மினுக்கு ஒன்று தோன்றும். ஒரே ஒரு எலெக்ட்ரான் ஏறினாலும் 50 ஃபோட்டான் அளவில் பதிவாகிவிடும்.

இரு மினுக்குகளுக்கும் இடைப்பட்ட நேரம் மோதல் நடந்த ஆழத்தைச் சொல்கிறது. உச்சியில் எந்தக் குழாய்கள் அதிகம் ஒளிர்ந்தன என்பது கிடைமட்ட இடத்தைச் சொல்கிறது. ஆக மோதல் நடந்த புள்ளி முப்பரிமாணத்தில் கையில். சுவரை ஒட்டி நடந்ததையெல்லாம் தள்ளிவிட்டு நடுவில் உள்ள சுமார் 5.5 டன்னை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். வெளிப்புறச் செனான், உள்ளே இருப்பதற்குக் கவசம். பிறகு விகிதம். காமாக் கதிரோ பீட்டாக் கதிரோ எலெக்ட்ரானில் மோதினால் இரண்டாம் மினுக்கு முதலாவதைவிட மிகப் பெரிதாக இருக்கும்; அணுக்கரு மோதலில் அந்த விகிதம் குறையும்.

பாடநூல் படங்களில் விடுபடுவது ஒன்று: தூய்மை. மேலே ஏறும் எலெக்ட்ரானை வழியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு விழுங்கிவிட்டால் இரண்டாம் மினுக்கு சுருங்கும், சாதாரண பீட்டா மோதல்கூட அணுக்கரு மோதல்போல வேடம் போடும். அதனால் செனானைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கி, சூடான ஸிர்கோனிய வடிகட்டி வழியே சுற்றவிட்டு, மீண்டும் திரவமாக்குகிறார்கள். எலெக்ட்ரானின் சராசரி ஆயுள் ஒரு மில்லி வினாடியைப்போல் பல மடங்கு இருந்தால்தான் அடியில் நடந்ததையும் மேலே நடந்ததையும் ஒரே தராசில் நிறுக்க முடியும்.

பூமிக்கடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் போன பிறகும் ‘பின்னணி’ தொல்லை என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?
– அதே ஆசிரியரின் இரண்டாவது கேள்வி

கரும்பொருள் அல்லாத மற்றவற்றால் வரும் மோதல்களைத்தான் பின்னணி என்கிறார்கள். ஆழம் தடுப்பது விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை மட்டும். மிச்சமெல்லாம் கருவியோடு கூடவே உள்ளே வந்துவிடும் எதிரிகள்.

முதல் எதிரி ரேடான்-222. உலகத்தில் எந்த உலோகத்திலும் துளி யுரேனியம் உண்டு. அதன் வழித்தோன்றலான ரேடான் திருகாணியிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும். அரைவாழ்வு 3.8 நாள் என்பதால் திரவம் முழுக்கப் பரவ அவகாசம் இருக்கிறது. அதன் சந்ததியில் வரும் ஈயம்-214 சில சமயம் காமாவே வெளியிடாமல் பீட்டாவை மட்டும் உமிழ்ந்து சிதைகிறது. கூட வரும் காமா இருந்தால் ‘இது ரேடான் வேலை’ என்று ஒதுக்கிவிடலாம். தனியாக வரும் பீட்டாவை அப்படி அடையாளம் காண முடியாது. சுவரை ஒட்டிய பகுதியைத் தள்ளும் உபாயமும் இங்கே செல்லாது, நடுத்தொட்டியிலேயே நடப்பதால்.

இரண்டாவது கிரிப்டான்-85. அணு எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்யும் ஆலைகளிலிருந்து காற்றில் கலந்தது. செனானைக் காற்றிலிருந்துதானே பிரிக்கிறார்கள்? கூடவே இதுவும் வந்துவிடுகிறது. மந்த வாயு என்பதால் ஸிர்கோனிய வடிகட்டி இதைத் தொடவும் தொடாது. கிரான் சாசோவில் உயரமான குளிர் வடிகலனில் காய்ச்சிப் பிரிக்கிறார்கள். எல்இஸட் குழு கரித்தூள் நிரம்பிய கலன் வழியே செனானைச் செலுத்தியது. கரியில் கிரிப்டான் வேகமாகவும் செனான் மெதுவாகவும் நகரும். முன்னால் வருவதை வெளியேற்றிவிட்டுப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொண்டார்கள். முடிவில் மிஞ்சியது 1,000 லட்சம் கோடிப் பங்கில் சுமார் 144 பங்கு கிரிப்டான்.

மூன்றாவது நியூட்ரான். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நயவஞ்சகன்: கரும்பொருள் செய்வதைப் போலவே அணுக்கருவில் மோதும். தப்பிக்க இரண்டு வழி. நியூட்ரான் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மோதும், கரும்பொருள் இரண்டு முறை மோதுவது நடக்காத காரியம். அடுத்து, தொட்டியைச் சுற்றிக் காடோலினியம் கலந்த 17 டன் ஒளிர்திரவம் வைத்திருக்கிறார்கள். வெளியேறும் நியூட்ரானைக் காடோலினியம் விழுங்கி மொத்தம் 8 மெகா எலெக்ட்ரான்வோல்ட் அளவுக்குக் காமாக் கதிர்களைக் கக்கும். அந்த ஒளி தெரிந்தால் உள்ளே நடந்த மோதல் செல்லாது.

இத்தனைக்கும் மேல் மனித மனம் என்று ஒரு பின்னணி இருக்கிறது. விரும்பிய விடை வரும்வரை வடிகட்டியை முறுக்கிக்கொண்டே இருக்கும் சபலம் யாருக்கும் உண்டு. அதைத் தடுக்க எல்இஸட் தன் தரவில் போலி மோதல்களை ரகசியமாகத் தூவியது. ஆய்வு முறைகளை இறுதி செய்யும்வரை எது அசல், எது போலி என்று ஆய்வாளர்களுக்குத் தெரியாது. இந்தத் தந்திரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உப்புத் தூவல்’.

கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘10-இன் −48 அடுக்கு’ என்று ஒரு எண்ணை மட்டும் நீட்டுகிறார்கள். அதற்கு என்ன பொருள்?
– வங்கி ஊழியர், சேலம்

பொருள் இருக்கிறது. ஒரு வழித்தடத்தில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2.3 பேருந்து வர வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், பேருந்துகளோ முன்பின் ஒழுங்கில்லாமல் வருபவை. நீங்கள் ஒரு மணி நேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னது சரியென்றால் இப்படி நடக்க வாய்ப்பு 10 சதவீதம்தான். ஆகவே ‘சராசரி 2.3-க்கும் குறைவு’ என்று 90 சதவீத உறுதியோடு சொல்லலாம். பின்னணியே இல்லாத கருவி பூஜ்யத்தைக் கண்டால் அது வெளியிடும் வரம்பு அந்த 2.3-லிருந்துதான் வருகிறது. பின்னணி இருந்தால் கணக்கு சிக்கலாகும், சாரம் மாறாது.

எல்இஸட் 2024-இல் அறிவித்தது 280 நாள் தரவு. 5.5 டன்னை 280 நாள் பார்த்தால் 4.2 டன்-ஆண்டு. 40 ஜிஇவி நிறையுள்ள துகள் ஒரு நியூக்ளியானோடு மோதும் ‘குறுக்குவெட்டுப் பரப்பு’ (மோதும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்) 2.2 × 10-இன் −48 அடுக்கு சதுர செ.மீ.க்கு மேல் இருக்க முடியாது என்பது முடிவு. அதற்கு மேலான பரப்பை முன்வைத்த கோட்பாடுகளெல்லாம் அந்த நிறையில் அடிபட்டுப் போயின. ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்பதைவிட ‘இங்கே இல்லை’ என்பது எவ்வளவோ மேல்.

இத்தாலியில் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். மூடி மறைக்கிறார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

யாரும் மறைக்கவில்லை, வெட்டவெளிச்சமாகச் சண்டை நடக்கிறது. கிரான் சாசோவில் டாமா குழு சுமார் 250 கிலோ சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மினுக்குகளை எண்ணியது. 2 முதல் 6 கேஇவி வரையிலான மினுக்குகள் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் கூடி, டிசம்பரில் குறைந்தன. காரணம் என்று அவர்கள் காட்டுவது அழகானது: சூரியன் பால்வீதியைச் சுற்றும் திசையில் ஜூனில் பூமியின் வேகமும் சேர்கிறது, டிசம்பரில் கழிகிறது. எதிர்க்காற்று கூடிக் குறைவதைப்போல. தற்செயலாக இருக்கவே முடியாத அளவு அலைவு அது, புள்ளியியலில் 12 சிக்மாவுக்கு மேல் (சிக்மா கூடக் கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்).

அலைவு உண்மை. காரணம்தான் சந்தேகம். ஜூன், டிசம்பர் என்றாலே வெப்பநிலை, காற்றில் ரேடான், அண்டக்கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்கள் எல்லாம் கூடவே ஆடுபவை. செனான் தொட்டிகளிலும் இது தெரியவில்லை. ‘படிகம் வேறு, செனான் வேறு’ என்று டாமா தரப்பு சொன்னது, அதில் நியாயம் இருந்தது. அதனால் ஸ்பெயினில் அனைஸ் குழுவும் தென் கொரியாவில் கோசைன் குழுவும் அதே சோடியம் அயோடைடு படிகங்களால் சோதித்தன. இரண்டிலும் அந்த அலைவு இல்லை. கோசைன் குழு இன்னொன்றும் செய்தது. டாமா செய்வதுபோல ஒவ்வொரு ஆண்டும் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தது. பின்னணி மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தால், இப்படி ஆண்டுக்கு ஆண்டு கழிப்பதிலேயே ரம்பப் பல் போன்ற பொய்யலைவு பிறக்கும். பிறந்தது. ஆனால் டாமாவுக்கு நேரெதிர்த் திசையில்! ஆக அதுவும் முழு விளக்கமில்லை.

இதில் எங்களுக்குப் பிடித்த சோதனை ஆஸ்திரேலியாவில் ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்தில் திட்டமிட்டிருக்கும் சேபர். அங்கே ஜூன் என்றால் குளிர்காலம். பருவநிலையால் வரும் அலைவு தலைகீழாகும். கரும்பொருளால் வருவது அதே ஜூனில் நிற்கும்.

ஃபெர்மி தொலைநோக்கியின் தரவு இலவசம் என்கிறார்கள். எம்.எஸ்சி. திட்டப்பணிக்குக் கரும்பொருளின் காமாக் கதிரைத் தேட முடியுமா? எங்கே தொடங்குவது?
– மாணவி, பாளையங்கோட்டை

தாராளமாக முடியும். 2008 ஜூனில் ஏவப்பட்ட காமாக் கதிர் விண்தொலைநோக்கியான ஃபெர்மியின் ஃபோட்டான் பட்டியல் முழுவதும் நாசா தளத்தில் திறந்தே கிடக்கிறது. ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளும் இலவசம், 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி போதும்.

எடுத்த எடுப்பில் பால்வீதியின் மையத்துக்குப் போகாதீர்கள். அங்கே 1–3 ஜிஇவியில் கணக்குக்கு மிஞ்சிய காமா ஒளி இருப்பது 2009-இலிருந்து பேசப்படுகிறது. கரும்பொருள் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதா, இல்லை மில்லி வினாடிப் பல்சார்களின் (அதிவேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களின்) கூட்டமா என்று அனுபவசாலிகளே முடிவுக்கு வரவில்லை. முன்புறத்தில் அத்தனை வாயு, அத்தனை மூலங்கள். நீங்கள் டிராகோ என்ற குட்டிக் கேலக்ஸியை எடுங்கள். தூரம் சுமார் 2.5 லட்சம் ஒளியாண்டு. விண்மீன் குறைவு, வாயு இல்லை, கரும்பொருள் ஏராளம், பால்வீதித் தளத்தை விட்டும் விலகியிருக்கிறது. வானில் அதன் இடம்: வல ஏற்றம் 260 டிகிரி, நடுவரை விலக்கம் +57.9 டிகிரி.

டிராகோவைச் சுற்றி 10 டிகிரி ஆரத்தில், 500 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டிலிருந்து மேலே உள்ள ஃபோட்டான்களை இறக்குங்கள். இன்னும் கீழே போனால் கருவியின் பார்வை மங்கல்: 100 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒரு புள்ளி சுமார் 5 டிகிரிக்குப் பரந்து தெரியும், 1 ஜிஇவியில் அது 1 டிகிரிக்குள் அடங்கிவிடும். அடுத்து ‘ஜிடி-செலக்ட்’ கட்டளையில் ‘சோர்ஸ்’ வகை நிகழ்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, உச்சிக்கோணத்தை (பூமிக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து அளக்கும் கோணம்) 90 டிகிரியில் வெட்டுங்கள். இதை மறந்தால் வளிமண்டலத்தில் அண்டக்கதிர் மோதிப் பிறக்கும் பூமியோரக் காமா ஒளி படத்தில் கலந்துவிடும். ‘ஜிடி-மேக்டைம்’ கருவி நல்ல நிலையில் இருந்த நேரத்தை மட்டும் வடிக்கும். பிறகு ‘ஜிடி-எல்டிக்யூப்’: எந்தத் திசையை எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் பார்த்தது என்ற கணக்கு. மெதுவாக ஓடும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் நேர வரம்பையோ உச்சிக்கோணத்தையோ மாற்றினால் இதைத் திரும்ப ஓட்டியாக வேண்டும். பழைய கோப்பையே வைத்துக்கொண்டால் பிழைச்செய்தி எதுவும் வராமல் விடை மட்டும் தப்பாக வரக்கூடும்.

கடைசியில் ‘ஜிடி-லைக்’. பால்வீதிப் பரவலொளி, எல்லாத் திசையிலும் உள்ள ஒளி, வட்டத்துக்குள்ளும் அதைக் கொஞ்சம் தாண்டியும் பட்டியலில் உள்ள மூலங்கள் எல்லாவற்றையும் மாதிரியில் சேர்த்துவிட்டு, டிராகோவைச் சேர்த்தால் பொருத்தம் எவ்வளவு மேம்படுகிறது என்று பாருங்கள். அந்த மேம்பாட்டைச் சொல்லும் ‘டிஎஸ்’ எண் 25-ஐத் தாண்டினால்தான் மூலம் என்று பேசலாம். நீங்கள் பெறப்போவது பூஜ்யத்தை ஒட்டிய எண். துவள வேண்டாம், அதிலிருந்து மேல்வரம்பு போடுங்கள். 5 அல்லது 6 வந்தால் கொண்டாடவும் வேண்டாம். டிராகோவை விட்டுவிட்டு, பட்டியலில் எந்த மூலமும் இல்லாத வெற்றிடங்களில் இருபது இடத்தில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சில இடத்தில் 5 வரும். பின்னணி மாதிரி எவ்வளவு பொய் சொல்கிறது என்பது அப்போதுதான் புரியும். எங்களைக் கேட்டால் திட்டப்பணி அறிக்கையில் அந்த இருபது இடத்துப் படம்தான் மதிப்பெண் வாங்கித் தரும்.

செர்ன் மோதுவானில் கரும்பொருளை உண்டாக்கிவிட முடியாதா?
– வாசகர், சிங்கப்பூர்

புரோட்டான்களை மோதவிடும் அந்த இயந்திரம் கரும்பொருளை உண்டாக்கினாலும் அது கருவியில் படாமல் போய்விடும். ஆகவே தேடுவது இல்லாததை: ஒரு பக்கம் துகள்களின் பீறல் பாய்கிறது, எதிர்ப்பக்கம் அதை ஈடுகட்ட ஒன்றுமில்லை என்றால், அந்த விடுபட்ட உந்தத்தோடு ஏதோ தப்பியிருக்கிறது. சிக்கல், மோதலில் பிறக்கும் இஸட் என்ற துகள், எதிலும் எளிதில் மோதாத இரண்டு நியூட்ரினோவாகச் சிதைந்தாலும் அச்சு அசலாக இதே காட்சிதான். இன்னொன்று: கருவியை விட்டு வெளியேறும்வரை உயிரோடிருந்தாலே ‘தப்பியது’ என்று பதிவாகிவிடும். அண்டத்தின் வயதளவு நிலைத்திருக்குமா என்று மோதுவானால் சொல்ல முடியாது. அதற்குச் சுரங்கத் தொட்டிகளோ வானமோ சாட்சி சொல்ல வேண்டும்.

ஆக்ஸியான் என்பது சலவைத்தூள் பெயராமே?
– வாசகி, மதுரை

ஆமாம். ஆக்ஸியான், கரும்பொருளாக இருக்கக்கூடும் என்று கருதப்படும் இன்னொரு துகள். அமெரிக்கச் சலவைப் பொருள் ஒன்றின் பெயரை ஃபிராங்க் வில்செக் துகளுக்கு வைத்தார். கோட்பாட்டில் இருந்த ஓர் அழுக்கைப் போக்க வந்தது என்பதால். இது மெய்யானால் நிறை மிக மிகச் சிறிது, அதனால் எண்ணிக்கை அபாரம்: 3 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஏடிஎம்எக்ஸ் என்ற சோதனை இதை ரேடியோவைப் போலத் தேடுகிறது. வலுவான காந்தப்புலத்தில் ஆக்ஸியான் நுண்ணலை ஃபோட்டானாக மாறலாம். 1 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு 242 மெகாஹெர்ட்ஸ். தாமிரக் குழிக்குள் இருக்கும் தண்டுகளை நூலளவு நகர்த்தி நகர்த்தி, ஒவ்வோர் அலைவரிசையிலும் நின்று கேட்க வேண்டும். நிலையம் எந்த எண்ணில் என்று தெரியாமல் குமிழைத் திருகும் வேலை.

இந்தியாவில் யாராவது தேடுகிறார்களா? தேனி மலையில் வரவிருந்தது இதற்காகத்தானா?
– வாசகர், போடிநாயக்கனூர்

தேடுகிறார்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017-இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே பயன்படுவது கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிறுத்திவைத்த திரவத் துளிகள். அணுக்கரு மோதல் நடந்தால் துளி பட்டென்று ஆவியாகும், அந்த ஒலியை உணரி பிடிக்கும். சரியான வெப்பநிலை வைத்தால் காமாவும் பீட்டாவும் துளியை வெடிக்கவைக்காது என்பது இதன் பலம்.

உங்கள் ஊர்ப் பக்கம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது முதன்மையாக நியூட்ரினோவுக்கு, 50,000 டன் அளவில் காந்தமேற்றிய இரும்பு. அதே குகையில் கரும்பொருள் சோதனைக்கும் யோசனை இருந்தது. எதிர்ப்பாலும் அனுமதிச் சிக்கல்களாலும் வேலை தொடங்கவில்லை.

ஆனால் நியூட்ரினோவும் கரும்பொருளும் இப்போது ஒரே தொட்டியில் சந்தித்துவிட்டன. சூரியனில் போரான்-8 சிதைந்து வரும் நியூட்ரினோக்கள் செனான் அணுக்கருவில் மோதும் அறிகுறியை 2024-இல் செனான்-என்டியும் பாண்டாஎக்ஸும் தனித்தனியே அறிவித்தன, இரண்டும் 2.7 சிக்மாவை ஒட்டி. சுமார் 6 ஜிஇவி நிறையுள்ள கரும்பொருள் துகள் எப்படித் தெரியுமோ அப்படியே இவையும் தெரியும். கவசம் போட்டுத் தடுக்க முடியாத பின்னணி இது. பகலில் தலைக்கு மேலிருந்தும் இரவில் காலுக்குக் கீழிருந்தும் வந்துகொண்டே இருக்கும்.